குடியும் ‘டிரிங்க்ஸ்’உம்: பெயர் சூட்டலின் வர்க்க அரசியல்

மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் ‘பொடியன் குடிப்பானோ?’ என்று கேட்டால் அது வசை. ‘டிரிங்க்ஸ் எடுப்பாரோ?’ என்று கேட்டால் அது நாகரிகமான விசாரணை. முதலாவது வினாவுக்குச் சினமே விடையாக வரும். இரண்டாவது வினாவுக்கு, ‘சோசலாக எடுப்பார், அவ்வளவுதான்’ என்ற விடை புன்முறுவலோடு வரும். போத்தலில் இருப்பது இரண்டிடத்தும் ஒரே அற்ககோல். குடல் அதனை ஏற்கும் விதமும், ஈரல் அதனை எரிக்கும் விதமும் வேறுபடுவதில்லை. வேறுபடுவது பெயர் மட்டுமே. ஆயின் அப்பெயர் ஒருவனைக் குடிகாரனாகவும் மற்றொருவனைக் கனவானாகவும் ஆக்கிவிடுகின்றது. இவ்வேறுபாடு மொழியின் தற்செயலான விளையாட்டு என்று தட்டிக்கழிக்கப்படுவதே இன்றைய கற்றோர் கூட்டத்தின் வழக்கம். அது தற்செயலன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி இந்தக் கண்டி மலைகளிலேயே நிகழ்ந்தது.

கண்டி நகரிலிருந்து வத்துகாமம் செல்லும் பேருந்தில் ஏறுபவர் வழியில் மடவளையைக் கடக்கின்றார். அதே பாதை மேலும் நீண்டு பன்விலைக்கும் மடுல்கலைக்கும் தும்பறை மலைத்தொடரின் தேயிலைத் தோட்டங்களுக்கும் செல்கின்றது. முப்பது மைல் கூட இல்லாத இத்தூரத்தினுள் மதுவைப்பற்றிய மூன்று அகராதிகள் வழங்குகின்றன. கண்டியின் விடுதிகளிலும் கிளப்புகளிலும் அதன் பெயர் டிரிங்க்ஸ், பெக், கொக்டெயில். மடுல்கலையின் லயன்களில் அதன் பெயர் சாராயம், கசிப்பு, தண்ணி. அதனை அருந்துபவனின் பெயர் குடிகாரன். இடையில் உள்ள மடவளையில், முஸ்லிம் வணிகர்கள் நிறைந்த அந்தக் கடைத்தெருவில், அதற்கு ஒரே பெயர்தான்: ஹராம். மூன்று அகராதிகளுள் எது நேர்மையானது என்ற வினாவை எழுப்பினால் பல்கலைக்கழகத்தின் முற்போக்காளர்கள் முகஞ்சுளிப்பர். மதவாதம் என்பர். எனினும் வினா எழுப்பப்படவே வேண்டும்.

ஆங்கிலேயரின் குடிச்சொற்களின் பெருக்கம் வியப்பூட்டுவது. பெஞ்சமின் பிராங்ளின் 1737 ஆம் ஆண்டு தமது பென்சில்வேனியா கசெற் பத்திரிகையில் குடித்தவனைக் குறிக்கும் தொடர்களைத் திரட்டி வெளியிட்டபோது அவை இருநூறுக்கும் மேற்பட்டன. அதன்பின் அத்தொகை குறைந்ததாகத் தெரியவில்லை. ‘மெரி’ என்றால் மகிழ்ந்தவன். ‘டைட்’ என்றால் இறுகியவன். ‘லெக்லெஸ்’ என்றால் கால் இழந்தவன். ‘பிளாஸ்டர்ட்’ என்றால் சாந்து பூசப்பட்டவன். கப்பற்பாயின் கயிறு அவிழ்ந்து காற்றில் ஆடுவதாகவும் ஒரு தொடர் உண்டு. இச்சொற்கள் அனைத்திற்கும் பொதுவான குணம் ஒன்றுளது. அவை சிரிக்க வைக்கின்றன. குடித்து விழுந்தவனைப் பார்த்துச் சிரித்தபின் அவனைக் கண்டிக்க இயலாது. அவனும் தன்னைக் கண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. நகைச்சுவை அங்கு மன்னிப்பாகத் தொழிற்படுகின்றது.

ஆயின் இந்த மன்னிப்பு இங்கிலாந்திலும் எல்லோருக்கும் கிடைத்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டன் நகரத்து ஏழைகள், பெண்கள் உட்பட, மலிவான ஜின்னைக் குடித்தபோது அதற்குச் சிரிப்பான பெயர்கள் போதவில்லை. பாராளுமன்றம் 1736 இலும் 1751 இலும் அதனைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றிற்று. ஹோகார்த் 1751 இல் ‘ஜின் தெரு’ என்ற சித்திரத்தில் கைக்குழந்தையைப் படிக்கட்டிலிருந்து தவறவிடும் தாயைத் தீட்டினார். அதற்கு இணையாக வரைந்த ‘பியர் தெரு’வில் கொழுத்த, மகிழ்ந்த மனிதரைத் தீட்டினார். ஜின்னுக்குத் ‘தாயின் அழிவு’ என்ற பட்டப்பெயரும் பின்னர் வழக்காயிற்று. அதே காலத்தில் பிரபுக்கள் போர்ட் வைனை மேசைக்கடியில் விழும்வரை குடித்தனர். அதற்கு அழிவு என்ற பெயர் ஏற்படவில்லை. எனவே குடியின் பெயர் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற உண்மை காலனித்துவத்தோடு தோன்றியதன்று. கப்பலேறி இங்கு வந்தது என்பதே சரி.

வந்த கப்பல் வெறுங்கையோடு திரும்பவுமில்லை. பனை, தென்னையின் கள்ளைக் குறித்த வட இந்தியச் சொல்லான ‘தாடி’ ஆங்கிலேயர் வாயில் ‘டொடி’ ஆயிற்று. ஸ்கொத்லாந்தில் வெந்நீரும் சீனியும் கலந்த விஸ்கிக்கு அப்பெயரே சூட்டப்பட்டது. ஐந்து என்னும் பொருள்படும் ‘பாஞ்ச்’ என்ற சொல்லிலிருந்து, ஐந்து பொருள் கலந்த ‘பன்ச்’ பிறந்தது என்பர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பனியாரின் கடிதங்களில் அது இடம்பெறுகின்றது. வியர்வை எனப் பொருள்படும் அறபுச் சொல்லான ‘அரக்’, வடிகலத்தில் துளிர்க்கும் நீரைக் குறித்துப் பின் ‘அரக்’காகவும் சிங்களத்தில் ‘அரக்கு’வாகவும் நிலைபெற்றது. அற்ககோல் என்ற சொல்லும் கண்ணுக்கு இடும் மையைக் குறித்த ‘அல்குஹ்ல்’ என்ற அறபுச் சொல்லின் வழிவந்ததே. மதுவைத் தடைசெய்த சமூகத்தின் கண்மை, உலகின் மதுவுக்கெல்லாம் பெயர் கொடுத்தது வரலாற்றின் குறும்பு. ‘பெக்’ என்பதோ இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரின் கொச்சை. ஒவ்வொரு கிண்ணமும் சவப்பெட்டிக்கு அடிக்கும் ஓர் ஆணி என்பதால் அப்பெயர் வந்ததென அவர்களே வேடிக்கையாக விளக்கம் கூறிக்கொண்டனர். 1886 இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி இத்தகைய சொற்களின் பெரும் களஞ்சியம். கீழைத்தேயத்துக் கள்ளிறக்குபவனின் சொல் கிளப்புக்குள் நுழைந்து குளித்துத் துடைத்து, கனவான் உடையணிந்து, இன்று கண்டி விடுதியின் விலைப்பட்டியலில் திரும்பி வந்திருக்கின்றது. கள்ளிறக்குபவனோ சாதியின் பெயரால் இன்னும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றான்.

கண்டி நாட்டில் மதுவின் வரலாறு வரிவசூலின் வரலாறாகும். கோப்பித் தோட்டங்கள் 1830களின் பிற்பகுதியிலிருந்து விரிந்தபோது தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கூட்டங் கூட்டமாக மன்னார் வழியே நடந்து வந்தனர். அவர்களது கூலி கைக்கு வருமுன்னரே அதனை மீட்டெடுக்கும் வழியை அரசு வகுத்திருந்தது. குறித்த பிரதேசத்தில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமையை ஏலத்தில் விடுவதே அவ்வழி. ஏலம் எடுத்தவர் குத்தகைக்காரர். அவர் தோட்டங்களின் அண்மையில் தவறணைகளைத் திறந்தார். தவறணை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. ஆட்சி மாறினும் கடை மாறவில்லை. கூலி தோட்டத்துரையிடமிருந்து தொழிலாளியின் கையில் விழுந்து, அங்கிருந்து தவறணைக்கும், தவறணையிலிருந்து குத்தகைக்காரருக்கும், அவரிடமிருந்து திறைசேரிக்கும் சென்றது. அப்பணத்தில் ஒரு பகுதி மீண்டும் பாதைகளாக மாறித் துரையின் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கியது. இவ்வட்டத்தில் நட்டமடைந்தவன் ஒருவனே. குடிகாரன் என்ற பெயரும் அவனுக்கே சூட்டப்பட்டது.

இந்தச் சாராயக் குத்தகையே இலங்கையின் சுதேச முதலாளி வர்க்கம் தனது முதலைத் திரட்டிய முதன்மையான வழி என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். அக்குத்தகைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சென்று, வைன் கிண்ணத்தைப் பிடிக்கும் முறையறிந்து திரும்பினர். பாட்டனின் தவறணைச் சாராயத்தில் பேரனின் ‘ஷெரி’ விளைந்தது எனின் மிகையாகாது. 1904 இலும், 1912 ஆம் ஆண்டின் கலால் சட்டத்தையொட்டித் தனிக் கள்ளுத் தவறணைகள் பெருமளவில் திறக்கப்பட்டபோதும், மதுவிலக்கு இயக்கம் நாட்டில் பெருந்தீயாய்ப் பரவியது. அவ்வியக்கத்தை வழிநடத்தியோருள் சிலரின் குடும்பச் செல்வமும் அதே குத்தகையில் வேர்கொண்டது என்பது கசப்பான உண்மை. 1927 இல் இலங்கை வந்த காந்தியடிகளும் தோட்டத் தொழிலாளரிடம் மதுவை விட்டுவிடும்படி வேண்டினார். வேண்டுகோள் நியாயமானது. ஆயின் மதுவிலக்கு உபதேசம் எப்போதும் லயனை நோக்கியே மலையேறியது என்பதைக் கவனித்தல் வேண்டும். தோட்டத்துரைமாரின் சங்கம் 1854 இல் கண்டியிலேயே தொடங்கப்பட்டது. துரைமாரின் கிளப்புகளுக்கு எவரும் உபதேசத்தோடு சென்றதாகப் பெரும்பேச்சு இல்லை. அங்கு நடந்தது குடியன்று, ‘சன்டவுனர்’. சூரியன் சாய்ந்ததும் அருந்துவதாம். லயனிலும் சூரியன் சாயத்தான் செய்தது.

தமிழ் மொழி இவ்விடயத்தில் மாசற்றது என்று எண்ணுவதும் தவறு. சங்கச் சான்றோர் கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி எனப் பல பெயரால் மதுவைப் பாடினர். அதியமான் கள்ளைப் பகிர்ந்தளித்த பெருமையை ஔவையார் கையறுநிலையில் நினைந்துருகினார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அன்று மன்னனும் பாணனும் உண்டது ஒரே பெயருடைய கள். இன்று மது என்ற வடசொல் உயர்ந்தும் கள் என்ற தமிழ்ச்சொல் தாழ்ந்தும் நிற்கின்றன. வினைச்சொல்லிலும் இதே படிநிலை. மேலோர் மது ‘அருந்துவர்’, கீழோர் ‘குடிப்பர்’. பத்திரிகைகளைப் புரட்டினால் இது துலாம்பரமாகும். விடுதியில் நிகழ்ந்தால் ‘மதுவிருந்து’, தோட்டத்தில் நிகழ்ந்தால் ‘குடிபோதையில் கைகலப்பு’. யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கொட்டிலில் இருந்து எழுந்து வருபவன் ‘வெறிக்குட்டி’. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்து திண்ணையில் விஸ்கி உடைக்கும் உத்தியோகத்தர் ‘கொஞ்சம் எடுத்திருக்கிறார்’. இலங்கையெங்கும் மதுக்கடைகளின் பெயர்ப்பலகை ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்றிருப்பதை எவரும் காணலாம். உள்ளே பெரும்பாலும் விற்பனையாவது தென்னஞ்சாராயம். வெட்கப்பட்டுப் பெயர் மாற்றிக்கொண்ட கடை அது.

பல்கலைக்கழகத்தின் நிலை யாது? பேராதனை வளாகம் ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களின் வார்ப்பில் அமைந்தது. 1952 இல் இங்கு வந்த இலங்கைப் பல்கலைக்கழகம் விடுதி வாழ்வையும் விருந்து மரபையும் உடன்கொணர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன், 1944 இல், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் முகாமிட்டிருந்தது. ஆங்கிலேயரின் வாய்மொழி இம்மண்ணுக்கு அந்நியமன்று. இன்று இளைஞர் வாயில் வழங்கும் ‘ஷொட்’, ‘பைட்’, ‘பெச் பார்ட்டி’ என்பன அம்மரபின் மலிவுப் பதிப்புகள். வேதனைக்குரியது சொற்களின் இரவல் அன்று. ‘சோசல்’ என்ற ஒரு சொல் செய்யும் வேலையே வேதனைக்குரியது. குடிப்பவர் சமூகப்பண்பு உடையவர் என அச்சொல் கூறுமாயின், குடியாதவர் யார்? அவர் ‘அன்சோசல்’. மடவளையிலிருந்தோ அக்குறணையிலிருந்தோ வரும் முஸ்லிம் மாணவன், வத்துகாமத்திலிருந்து வரும் பௌத்த மாணவன், குடித்துக் கெட்ட தகப்பனைக் கண்டு வெறுத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஆகியோர் ஒரு கிண்ணத்தை மறுத்ததற்காகச் சமூகத்துக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். ஏன் எடுப்பதில்லை என்ற வினாவுக்கு அவர்களே விளக்கம் சொல்ல வேண்டியுள்ளது. குடிப்பவரிடம் ஏன் எடுக்கிறீர் என்று எவரும் கேட்பதில்லை.

சமூகம் என்பது எவ்வாறு கூடுகின்றது என்பதை அறிய விரும்புவோர் மாலை வேளையில் மடவளைக் கடைத்தெருவுக்குச் சென்று பார்க்கலாம். மஃரிப் தொழுகை முடிந்தபின் தேநீர்க் கடைகளில் பிளேன்டீயைச் சுற்றி நிகழும் விவாதம் எந்தக் கிளப்பின் விவாதத்துக்கும் குறைந்ததன்று. வியாபாரம், அரசியல், கலியாணம், மரண வீட்டுக் கடமை யாவும் அங்கேயே பேசித் தீர்க்கப்படும். மது இல்லாமையால் அங்கு நட்புக் குன்றியதாகவோ நா எழாமற் போனதாகவோ சொல்ல இடமில்லை. மதுவைத் தொடாதவரைக் குறிக்கும் ‘டீடோட்டலர்’ என்ற சொல் தேநீரிலிருந்து பிறந்ததெனப் பலர் எண்ணுவர். அது பிழை. 1833 இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில், முழுமையாக என்பதை அழுத்திச் சொல்ல எழுந்த வழக்கு அது. அதைத் தோற்றுவித்தவர் ஒரு தொழிலாளி. ஆங்கிலேயத் தொழிலாளரே தமது வர்க்கத்தின் மீட்சிக்காக மதுவை மறுத்த வரலாறு இங்குள்ள இடதுசாரி நண்பர்களுக்கு ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

மதுவுக்கு வேறு பெயர் சூட்டி அதனை அருந்துவோர் தமது சமூகத்துள் தோன்றுவர் என்ற நபிகளாரின் முன்னெச்சரிக்கை அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெறுகின்றது. சமய நம்பிக்கையை ஒருபுறம் வைத்து நோக்கினும், மொழிக்கும் ஒழுக்கத்துக்குமுள்ள தொடர்பை இத்துணைக் கூர்மையாக உரைத்த கூற்று அரிது. பெயரை மாற்றுதல் தடையை மீறுவதன் முதற்படி என்பதை அது உணர்ந்திருந்தது. அவ்வெச்சரிக்கை மடவளை போன்ற ஊர்களுக்கும் உரியதே. ‘பியர் தானே’ என்ற தொடர் அத்தகைய ஊர்களின் இளைஞரிடையேயும் கேட்கின்றது. பியர் மதுவன்று என்பது போலவும், கண்டியில் குடித்தது ஊரில் குடித்ததாகாது என்பது போலவும் ஒரு நியாயம் உருவாகின்றது. ஊரும் தன் பங்குக்கு ஒரு குற்றத்தைச் செய்கின்றது. ஹராம் என்ற ஒரே சொல்லைத் தவிர வேறு சொல் இல்லாமையால், குடிக்கு அடிமையாகிவிட்டவனைப் பற்றிப் பேசுவதற்கு அங்கு மொழியே இல்லை. குடும்பம் அவனை மறைக்கின்றது. மறைப்பதால் அவன் மருத்துவரிடம் செல்வதில்லை. கிளப்பின் சிரிப்பு ஒருவனை அழிப்பது போலவே, ஊரின் மௌனமும் ஒருவனை அழிக்கும். பாவம் என்று சொல்லுமிடத்தில் நோய் என்றும் சொல்லப் பழகுதல் மார்க்கத்துக்கு விரோதமன்று.

இனி எதிர்வாதம் ஒன்று உண்டு. அளவோடு அருந்துதல் தனிமனித உரிமை. தோட்டத்துக் குடியோடு அதனை ஒப்பிடுவது மிகை. அங்கு குடி குடும்பத்தைக் குலைக்கின்றது, இங்கு குலைப்பதில்லை என்பதே அது. தோட்டத்துக் குடியின் கொடுமையை எவரும் மறுக்கவில்லை. மனைவி கொழுந்து பறித்து உழைத்த சம்பளத்தையும் கணவனே சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் அங்கு நெடுங்காலம் நிலவியது. அப்பணம் வீடு சேருமுன் எங்கு தங்கியது என்பதை அப்பெண்களே அறிவர். கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020 இல் மதுக்கடைகள் மூடப்பட்டவேளை கசிப்பு வடிப்போர் பெருகியதும் தெரிந்ததே. தோட்டத்துக் குடியைப் புனிதமாக்கித் தொழிலாளியின் ஆறுதல் என்று கவிதை பாடும் எழுத்தாளரும் இங்கு உளர். அவர்கள் அப்பெண்களிடம் சென்று தம் கவிதையை வாசிக்கட்டும். ஆயின் ‘இங்கு குலைப்பதில்லை’ என்ற கூற்றே ஆராயப்பட வேண்டியது. நகரத்து வீட்டின் சுவர் தடித்தது. லயனின் சுவர் மெல்லியது. லயனில் அடித்தால் எட்டுக் காம்பராவுக்கும் கேட்கும். நகரத்தில் கேட்பதில்லை என்பதால் நிகழ்வதில்லை என்று ஆகிவிடாது.

அளவு என்பதற்கும் அறிவியலின் ஆதரவு சுருங்கிவிட்டது. அற்ககோல் பானங்கள் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பன என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடுத்தது. சுவரொட்டி போயிற்று, தொலைக்காட்சி விளம்பரம் போயிற்று. ‘சோசல்’ என்ற சொல் போகவில்லை. எக்கம்பனியும் ஒரு சதமும் செலவிடாமல், படித்த இளைஞர் தம் வாயாலேயே நாள்தோறும் செய்துவரும் விளம்பரம் அது.

பெண்களைப் பொறுத்தவரை இந்நாகரிகத்தின் முகமூடி முற்றாகக் கழன்றுவிடுகின்றது. தவறணைகளில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்து 1979 இல் கலால் அறிவித்தல் ஒன்று வெளியிடப்பட்டது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதனை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி அந்நீக்கத்தை இரத்துச் செய்யப் பணித்தார். ஆண் குடிப்பதால் நாட்டின் பண்பாடு கெடுவதில்லை, பெண் வாங்குவதால் கெடுகின்றது என்பதே அதன் சாரம். குடிக்கும் ஆணுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் நூறு வேடிக்கைப் பெயர்கள் உள. குடிக்கும் பெண்ணுக்கு வசை மட்டுமே உண்டு. மதுவை எதிர்ப்போர் இத்தகைய சட்டத்தைத் தம் வெற்றியாகக் கொள்வாராயின், அவர்கள் எதிர்ப்பது மதுவையன்று.

‘சமூகக் குடி’, ‘அளவருந்தல்’ என்றெல்லாம் மொழிபெயர்த்துத் தமிழை வளப்படுத்த முனையும் தனித்தமிழ் அன்பர்கள் அம்முயற்சியைக் கைவிடலாம். பொய்யைத் தமிழில் சொன்னால் அது தமிழ்ப் பொய்யாகும், அவ்வளவே. வேண்டப்படுவது மிக எளிது. மடுல்கலையில் நிகழ்வது குடியாயின் கண்டி விடுதியில் நிகழ்வதும் குடி. ஒருவரை மது அருந்துபவர் என்று எழுதும் பேனை மற்றவரையும் அவ்வாறே எழுதட்டும். மாணவர் ஒன்றுகூடலுக்கான அழைப்பிதழில் ‘ரிஃப்ரெஷ்மன்ட்ஸ்’, ‘ஃபெலோஷிப்’ என மறைமொழி எழுதுவதை விடுத்து, மது பரிமாறப்படுமாயின் மது பரிமாறப்படும் என்றே அச்சிடட்டும். அவ்வாறு அச்சிட்டால் மண்டபத்துக்கு அனுமதி கிடையாது என்று அமைப்பாளர்கள் கூறுவர். அப்படியாயின் அவர்கள் அதனை எதன் பெயரால் உள்ளே கொண்டுசெல்கின்றனர் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்திலேயே கேட்கலாம்.